மைனஸ் பன்னிரண்டு

"தர முடியாது" என்றாள் அவள்.

கம்ப்யூட்டர் கடைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவனின் தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. நனைந்த இமைகளுக்குள் இரண்டு கண்கள்... நல்ல கண்கள்தான். ஆனால் சரியாகத் தூங்கி நாலு நாளாவது ஆகியிருக்கும்.

"அந்த வயர் கண்ணு முன்னாடி தொங்குதே!"

"தொங்குது. உங்களுக்குத் தர மாட்டேன்."

"எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"எதுக்குன்னு சொல்லிட்டீங்கல்ல, அதனாலதான். நாலு கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொண்ணையும் மதர்போர்டுலேர்ந்து தள்ளி நிறுத்த ஒரு ரைசர். இந்த வயரை மாட்டி, அந்த ரைசருக்கு ஹார்டு டிஸ்க் முனையிலேர்ந்து கரண்ட் எடுக்கப் போறீங்க. அந்த வயர் முனை தாங்குறது அம்பத்தி நாலு வாட். ரைசர் வழியா கார்டு எழுபத்தஞ்சு வரைக்கும் கேட்கும். முதல்ல நாத்தம் வரும், அப்புறம் உருகும், அப்புறம் தீ."

"எல்லாரும் இதைத்தானே மாட்டுறாங்க?"

"எல்லாரும் எங்க கடைக்கு வரலையே."

அவன் சிரிக்கவில்லை. "ஏழு நிமிஷப் படங்க. குளத்துக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு திமிங்கிலத்தோட கதை. மூணு வருஷமா ஒத்தை ஆளா வரைஞ்சிருக்கேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். வரைஞ்சதையெல்லாம் படமா ஓட்டி எடுக்கத்தான் இந்த மெஷின். இன்னைக்கு ஓடலைன்னா எல்லாம் போச்சு... உங்களுக்கு இது ஒரு வயர்."

காலையில் அந்தக் கடையிலேயே வாங்கிய புது பவர் சப்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுட்டென்று மழைக்குள் இறங்கிப் போனான்.

அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கொக்கியில் நாலு வயர் குறைந்திருந்தது.

"திரும்பி வந்தான், குடுத்துட்டேன்" என்றார் அண்ணன். கடை அவருடையது. எதையும் அளந்து பார்த்தே நம்பும் தங்கைக்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்தவரும் அவரே. "கேட்டதைக் குடுக்கத்தான் கடை. வாத்தியார் வேலை பார்க்க இல்ல."

அவள் பில் புத்தகத்தில் முகவரியைத் தேடினாள்.

"ஏய் மீட்டர்! வாங்கினவன் வீட்டுக்கே போய் நம்ம சரக்கு சரியில்லைன்னு சொல்லப் போறியா? போனா அந்தப் பெஞ்சுல மறுபடி உட்காராத!"

எட்டு வருடம் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்த பெஞ்சு. ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு வோல்ட் அளக்கும் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

எதற்காகப் போகிறேன்? பஸ் ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்தபடி தன்னையே கேட்டுக்கொண்டாள். தீ பிடித்துவிடும் என்றா... அந்தக் கண்களுக்காகவா? எதற்கும் மறுப்புச் சொல்கிற பெண்ணை யாருக்கும் பிடிக்காது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, அவளும் அதைப் பாதி நம்பியிருந்தாள். மீதிப் பாதிதான் இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. அலுமினியச் சட்டத்தில் வரிசையாக நாலு கார்டுகள். அவன் கை பவர் சப்ளை சுவிட்சின் மேல்.

"கையை எடுங்க!"

துள்ளித் திரும்பினான். "வீட்டுக்கே வந்து திட்டுவீங்களா?"

அவள் கண்கள் மேஜையைத் துழாவின. நாலு வயரும் பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தன.

"மாட்டலை" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வாங்கிட்டு வந்தேன், மனசு வரல. நீங்க சொன்ன அந்த நாத்தம் மூக்குலயே நின்னுச்சு. அதான் பழைய பவர் சப்ளையோட தடி வயரையே புதுசுல சொருகிட்டேன்."

அவள் குனிந்து அந்த வயரைப் பார்த்தாள். என் பேச்சைக் கேட்டு... இதைவிடப் பெரிய வம்பில் போய் விழுந்திருக்கிறானே!

"புதுசோட வந்த வயர் எங்கே?"

"அட்டைப்பெட்டியில. இது போன வாரமே கட்டி வச்சது, அதுக்கே எனக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சு, பாருங்க." உண்மைதான். விரற்கடைக்கு ஒரு கட்டு, சீவி முடித்த பின்னல் மாதிரி. "முனை கச்சிதமாப் பொருந்துது. அப்புறம் என்ன?"

"முனை பொருந்தும். உள்ள கம்பி எந்த வரிசையில வருதுங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்."

"என் மெஷினைப் பத்தி என்னைவிட உங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க. நான் சொல்றது தப்புன்னா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் தனியாக ஓடவிட்டாள். வயர் முனையில் மீட்டரின் சிவப்பு ஊசி, கறுப்பு ஊசி... பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடம்.

மைனஸ் பன்னிரண்டு.



"தலைகீழா வருது" என்றாள் மெதுவாக.

"சுவிட்சைப் போட்டிருந்தா?"

"நாலு கார்டும் செத்திருக்கும்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சண்டை போடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ மெல்ல எழுந்தான், கத்தரிக்கோலை எடுத்தான், தானே கட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே வெட்டினான். அந்த 'க்ளிக்... க்ளிக்...' கேட்கக் கேட்க, அவளுக்குள்ளும் எதுவோ தளர்ந்து கொடுத்தது. தன் தவறைத் தன் கையாலேயே அவிழ்க்கிற ஒருவனை இதற்குமுன் அவள் பார்த்ததில்லை.

புது வயர்களைப் பிரித்தார்கள். கார்டுக்கு ஒன்றாகத் தனித்தனி வயர். ரைசர்களுக்கு அதே புதுப் பெட்டியின் தடி வயர், ஒரு வயரில் இரண்டு ரைசருக்கு மேல் இல்லை. எல்லாக் கார்டும் சேர்ந்து இழுப்பதைக் கூட்டிப் பார்த்தாள்.

"பவர் சப்ளையில அஞ்சுல ஒரு பங்கு மிச்சமிருக்கு. மூச்சு முட்டாம ஓடும். இந்த முனையைப் பிடிங்க... ஐயோ, அது என் விரல்!"

"மன்னிச்சுக்கோங்க" என்றான். விடுவதற்குக் கொஞ்சம் தாமதமானது.

சுவிட்சை அவளே போட்டாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு! விசிறிகள் சுழல, திரையில் ஒரு திமிங்கிலம் மெல்லக் கண் விழித்தது. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உட்காரப் பெஞ்சு இல்லாதவள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். வயர் முனைகள் சுடுகின்றனவா என்று தொட்டுப் பார்க்கத்தான்... என்று சொல்லிக்கொண்டாள். ஒன்றும் சுடவில்லை. கன்னம்தான் சுட்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணி நாற்பது நிமிடம். 'படம் கிடைத்தது' என்ற பதில் திரையில் வந்தபோது, அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூன்று வருடம், கடைசியில் கரை சேர்ந்துவிட்டது!

அவள் போன் அடித்தது. அண்ணன்.

"அந்த வயரையெல்லாம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டேன். வேற ஒருத்தன் உருகின முனையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து கத்திட்டுப் போறான்... திங்கக்கிழமை வந்து உட்காரு, தாயே."

அவள் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. இனி இந்த அறைக்கு வர அவளிடம் ஒரு சாக்கும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, உண்மை இருக்கிறதே!

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள், நேராக அவன் கண்களைப் பார்த்து.

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "மூணு நாளா ஒத்திகை பார்த்துட்டிருக்கேங்க நான்! முந்திட்டீங்களே!"

"சரி, சொல்லுங்க. ஒத்திகை வீணாகக் கூடாது."

சொன்னான். தடுமாறி, பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்து... எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் ஓர் இடத்தில்கூடத் திருத்தவில்லை.