பதினைந்துக்குப் பிறகு

மாயவன் கரைக்கு வந்து சேர்ந்து பதினெட்டு நாளும் நாலு மணி நேரமும் ஆகியிருந்தன. சம்பூர்ணம் அதை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எண்ணிக்கை தானாகவே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், குப்பத்தில் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருந்த நேரம். ஓலைக் கூரையின் இடுக்குகள் வழியே இறங்கிய வெயில் தரையில் வட்டம் வட்டமாகக் கிடந்தது, ஈர வலையின் வாடையும் காயும் மீனின் வாடையும் காற்றோடு உள்ளே வந்து வந்து போயின, வீட்டின் பின்னால் அக்கா துணி துவைக்கும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தொப். தொப். தொப்.

மறுநாள் பாடத்துக்கான குறிப்புகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். துவைக்கும் சத்தமும் நின்றிருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை எண்ணினாள். பதினைந்தில் நின்றது. இரண்டு தடவை மூச்சு விடுகிற நேரம். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. பதினைந்து. நின்றது.

அவள் எழுந்து பின்னால் போய்ப் பார்த்தாள். துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. அதன் மேல் ஓர் ஓணான் உட்கார்ந்து வெயில் காய்ந்தது.

அக்கா ஆதியம்மாள் வாசல் பக்கச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன.

"துணி துவைச்சியாக்கா?"

"நானா? இல்லியே." கொஞ்சம் கழித்து, "உனக்கும் கேட்டுதா?" என்றாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. நீ போய் எழுது."

சம்பூர்ணம் அறைக்குள் திரும்பினாள். மூலையில், வெள்ளிக்கிழமை அவள் கொண்டுவந்த தகரப் பெட்டி இருந்தது.

குப்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். விலங்கியல். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். காலேஜுக்கு அனுப்பியது அக்கா புருஷன் மாயவன். புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று, அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடவே வந்து, வெளியே வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை நின்றான்.

ஜூன் மாதம் அவளைச் செங்கல்பட்டுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நின்றுபோன நெஞ்சையும் மூச்சையும் திரும்ப ஓட வைக்கிற பயிற்சி. பதினான்கு பேரில் பெண்கள் மூன்று. மேசை மேல் ஒரு ரப்பர் பொம்மை, இடுப்பு வரைதான் உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாத முகம், மூடிய கண்கள், கொஞ்சம் திறந்த வாய். நெஞ்சில் பதினைந்து அழுத்து. பிறகு வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு. மறுபடி பதினைந்து.

"அழுத்தினா ரத்தம் ஓடும். ஓடுற ரத்தத்துல காத்து இருக்கணும்" என்றார் பயிற்சி கொடுத்த ராஜாராம் சார். "ஒண்ணை விட்டா ரெண்டையும் விட்ட மாதிரி."

அவள் முறை வந்தபோது பின்னால் ஒருவன், "பொம்மைக்கு அடிச்சுதுப்பா யோகம்" என்றான். சிரிப்பு. அவளுக்குக் காது மடல் சுட்டது. குனிய முடியவில்லை. ராஜாராம் சார் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார். "உன் முகத்தை நான் பாக்கலம்மா. பொம்மை நெஞ்சை மட்டும் பாக்கறேன்." காலி அறையில் அவள் வாய் வைத்து ஊதினாள். ரப்பர் நெஞ்சு இரண்டு முறை நிதானமாக எழுந்து அடங்கியது. இந்தப் பதினான்கு பேரிலும் இதுதான் சரியான மூச்சு என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். 12-6-1976.

மாயவன்தான் அதைக் கண்ணாடி போட்டு ஆணி அடித்து மாட்டினான்.

"இன்னா மச்சினி, நான் வுழுந்து கெடந்தா எழுப்பிவுட்டுடுவியா?"

"போ மாமா."

"அட, கேட்டு வச்சிக்கிறேன். ஆணி வேஸ்ட்டாவக் கூடாது பாரு."

நாலு நாள் கழித்து, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கரைக்கு இருநூறு அடி தூரத்தில் அலை கட்டுமரத்தைப் புரட்டிப்போட்டது. மரம் பிடரியில் இடித்ததில் மயங்கியவனைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்து வந்து மணலில் கிடத்தினார்கள். அன்று லீவில் வீட்டிலிருந்த அவள் ஓடி வந்தாள். மண்டியிட்டாள். ஊர் முழுக்க வட்டமாக நின்றது. அவள் வாய் விட்டு எண்ணினாள், பதினைந்து வரை. குனிந்தாள். முந்தானை சரிந்து இரண்டு முகங்களையும் மூடியது. நிமிர்ந்தாள். மறுபடி ஒன்று. நாற்பது நிமிஷம். கை மரத்துப்போய், மணிக்கட்டு வீங்கி, ஜீப்பில் வந்த டாக்டர் காசிநாதன் தோளைப் பிடித்துத் தூக்கும் வரை. "போதும்மா. யாராலயும் இதுக்கு மேல செஞ்சிருக்க முடியாது."

அதை அக்கா பிடித்துக்கொண்டாள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். குழாயடியில் வேண்டா என்கிற பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா இருந்தாலும் அக்கா புருஷன் வாயில பொம்பள வாய் வைக்கலாமா?" என்று கேட்டதாகக் காதில் விழுந்தபோது, மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் எழுந்து போனாள். "வச்சா இன்னாடி? உன் புருஷன் வுழுந்து கெடந்தா நீ வேடிக்க பாத்துக்கினு நிப்ப. என் தங்கச்சி குனிஞ்சா." சம்பூர்ணம் குடத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது.

படுக்கும்போது அக்கா அவள் மார்பில் காதை வைத்துக்கொள்வாள். "உன் மூச்சு அவுரு உள்ள பூந்துச்சு இல்ல. அவுரு மூச்சும் கொஞ்சம் உன்கிட்ட வந்திருக்கும். கேக்குது எனக்கு." அப்படியே தூங்கிப்போவாள். இந்தப் பதினெட்டு நாளில் அவளுக்குத் தூக்கம் வருகிற ஒரே இடம் அதுதான். சம்பூர்ணம் அசையாமல், மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துப் படுத்திருப்பாள். யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் கிடந்தது. சொன்னால் அக்காவுக்கு அந்தத் தூக்கமும் போய்விடும்.

பதினாறாம் நாள் காரியம் வியாழக்கிழமை முடிந்தது. மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். திங்கட்கிழமை ஆயா முனியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் இந்தப் பயிற்சியை அவள்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். செங்கல்பட்டுக்குப் போய்ப் பொம்மையைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வந்து சேர்ந்தபோது நிலையம் பூட்டியிருந்தது. பெட்டி வீட்டுக்கு வந்தது. உள்ளே என்ன என்று அக்கா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெட்டியின் அடியில், சாணி மெழுகிய தரையில், ஒரு கறுப்பு ஈரம் படர்ந்திருந்தது.

கூரை ஒழுகவில்லை. மழை வந்து பத்து நாள் ஆகிறது. விரலால் தொட்டாள். பிசுபிசுப்பு. மூக்கருகே கொண்டுபோனபோது வீட்டுத் தண்ணீரின் வாடை இல்லை. கட்டுமரத்தைக் கட்டுகிற கயிறு நனைந்து ஊறினால் வருகிற வாடை, அதோடு மாமா குடிக்கிற பீடி.

காற்று நின்றுபோயிருந்தது. கடல் சத்தம் எங்கோ தள்ளிப் போயிற்று.

தொப். தொப்.

பெட்டிக்குள்ளிருந்து.

அவள் எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பதினைந்து. நின்றது. அந்த நிற்கிற நேரம்தான் தாங்க முடியாததாக இருந்தது. ஏதோ ஒன்று பொறுமையாகக் காத்திருப்பது போல.

கொண்டியை விலக்கி மூடியைத் தூக்கினாள். சத்தம் அடங்கிவிட்டது. பொம்மை மல்லாந்து கிடந்தது. மூடிய கண்கள். திறந்த வாய். உதடுகளின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். சுத்தமாயிற்று. ஸ்பிரிட் காய்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மறுபடி பூத்தது.

உப்பு.

"வெள்ளிக்கெழமலேர்ந்து எனக்குக் கேக்குது."

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. உள்ளே வந்து பெட்டி அருகே உட்கார்ந்து, பொம்மையின் நெற்றியைப் புறங்கையால் தொட்டாள், காய்ச்சல் பார்ப்பது போல.

"இது மேலதான் கத்துக்கினியா?"

"ஆமாக்கா."

"வெளிய எடு. செஞ்சி காட்டு."

"எதுக்குக்கா? நாளைக்கு..."

"அவுருக்குச் செஞ்ச மாதிரியே செய்யி. நான் அன்னிக்குச் சரியாப் பாக்கலடி. உன் முந்தானை மறைச்சிட்டுது."

பொம்மையைத் தூக்கியபோது கை தாழ்ந்தது. வெள்ளிக்கிழமை ஒரு கையால் பஸ்ஸில் ஏற்றிய பெட்டி அது. பாயில் கிடத்தினாள். மண்டியிட்டாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். ரப்பர் சில்லென்றிருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அழுத்தும்போதெல்லாம் வாய்க்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து.

குனிந்தாள். முந்தானை சரிந்தது. உள்ளே அரை இருட்டு. ஒரு சாண் தூரத்தில் அந்த வாய். ஊதினால் இந்த நெஞ்சு எழும். எழுவதை அக்கா பார்ப்பாள். நெஞ்சு எப்படி எழும் என்று தெரிந்துகொள்வாள்.

அப்போது அவள் நெற்றியில் விழுந்திருந்த ஒரு முடி அசைந்தது. மெல்ல நீண்டது. அந்த வாயை நோக்கி. வாயிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. உள்ளே இழுத்தது. அவள் உதட்டின் மேலிருந்த ஈரத்தை, மூக்கிலிருந்து வந்த கொஞ்சம் காற்றை. குழந்தை இழுப்பது போல, சின்னதாக. விடாமல்.

நிமிர்ந்தாள். பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் இடித்தது. அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. தன் கைகள்தானா என்று பார்த்தாள். தன் கைகள்தான்.

பாயில் பொம்மையின் நெஞ்சு கீழே இறங்கியது.

தொப்.

நடுவில் ஒரு குழி விழுந்து எழுந்தது. உள்ளங்கை அளவுக் குழி. மேலே யாருடைய கையும் இல்லை.

தொப். தொப்.

அக்கா கையை நீட்டி அந்தக் குழியின் மேல் வைத்தாள். கை இறங்கியது. ஏறியது. இறங்கியது. அவள் உதடுகள் அசைந்தன. எண்ணினாள். அன்று கரையில் தங்கை எண்ணியதைக் கேட்டு அவளும் கூடவே எண்ணியிருக்கிறாள்.

"...பதிமூணு. பதினாலு. பதினஞ்சு."

கை நின்றது. பொம்மையின் வாய் திறந்தபடி இருந்தது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அக்காவின் கை அசையாமல் கிடந்தது.

"இப்ப இன்னா வரணும் பூரணம்?"

சம்பூர்ணம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி ஆரம்பித்தது. அக்காவின் கை இறங்கியது, ஏறியது. பதினைந்து. நின்றது. உப்பு, உதட்டிலிருந்து கன்னத்துக்குப் படர்ந்திருந்தது.

"பதினஞ்சுக்கு அப்பறம் இன்னாடி?"

"ரெண்டு மூச்சுக்கா."

"ஊதினா இது மேல வருமா?"

"வரும்."

அக்கா தன் கையைப் பார்த்தாள். "அன்னிக்கு அவுரு நெஞ்சு மேல வர்லியே" என்றாள். "நாப்பது நிமிஷம் பாத்துக்கினு இருந்தேன். தண்ணி ரொம்பப் பூந்துட்டுதுன்னு நெனச்சேன்."

தொப். தொப். தொப்.

கன்னத்திலிருந்து கழுத்துக்கு. பாய் நனைந்துகொண்டிருந்தது. நனைந்த கயிறு. பீடி. பதினைந்து. நின்றது. அந்த வாய் இன்னும் கொஞ்சம் திறந்தது. காத்திருந்தது. அக்காவும்.

"நீ குட்த்தியா?"

"இல்லக்கா." குரல் எங்கிருந்தோ வந்தது. "குடுக்கல. ஒரு மூச்சுகூடக் குடுக்கல. குனிஞ்சேன், அவ்ளோதான். ஊரே பாத்துக்கினு இருந்துச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா."