போர்வை அலமாரியில் முப்பத்தொரு கோடுகள்

திங்கட்கிழமை காலை ரௌட்டியோ வீட்டு ஃபர்னஸ் செத்துப்போனது.

அது நிலவறையில் நின்ற ஒரு பெரிய தகரப் பெட்டி. இருபத்தாறு வருடமாக எரிவாயுவில் எரிந்து, குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் சூடான காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க வந்தவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, இனி பற்றவைத்தால் நச்சு வாயு வீட்டுக்குள் வந்துவிடும் என்றார். எரிவாயுக் குழாயை மூடினார். பெட்டியின் நெற்றியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

தண்டர் பே நகரத்தில் நவம்பர் மாதம் ஃபர்னஸ் இல்லாமல் இருப்பது விளையாட்டு இல்லை. ஏரியிலிருந்து காற்று அடித்தால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பத்து வயது ஐலாவும் அவள் ஐந்து வயதுத் தம்பி எமிலும் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு திரிந்தார்கள்.

நல்லவேளையாக நிலவறையில் விறகு போட்டுச் சூடாக்கும் சௌனா அறை ஒன்று இருந்தது. அப்பாவின் கொள்ளுத்தாத்தா ஃபின்லாந்துக்காரர். அந்த மக்கள் வீடு கட்டினால் முதலில் சௌனாவைக் கட்டிவிட்டுத்தான் மற்றதை யோசிப்பார்கள். வாரம் ஒருமுறை வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டு எழுந்து வரும் அந்தக் குட்டி அறையில்தான் இப்போது குடும்பமே குடித்தனம் நடத்தியது. ஐலா அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தாள் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. எமில் அங்கேயே சாப்பிட்டான், அங்கேயே தூங்கினான். ஃபர்னஸே வேண்டாம், இப்படியே இருந்துவிடலாம் என்றான்.

குளிரைக்கூட ஐலா பொறுத்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து, இன்னும் பெரிய எரிவாயு ஃபர்னஸ் வைக்கலாம், அதைத் தவிர வேறெதுவும் இந்த ஊர்க் குளிருக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை வேறொருவர் வந்து, வாயுவையே விட்டுவிடுங்கள், ஹீட் பம்ப் வையுங்கள் என்றார். அது மின்சாரத்தில் ஓடும். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அந்தக் காற்றிலும் கொஞ்சம் வெப்பம் இருக்குமாம். அதை இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுமாம். கோடையில் அதுவே வீட்டைக் குளிர்விக்குமாம்.

அப்பா முதல் ஆளைப் பிடித்துக்கொண்டார். அம்மா இரண்டாவது ஆளைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா லௌரிக்கு ஒன்பது வயதில் நடந்தது ஒன்று உண்டு. அவர் வளர்ந்த வீட்டில் மின்சார ஹீட்டர்கள் மட்டும்தான். குளிர் மைனஸ் நாற்பது டிகிரி வரை போன ஒரு வாரம் அவை எவ்வளவு ஓடியும் வீடு சூடாகவில்லை. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. ஐந்து பேரும் நாயும் சௌனாவில் சுருண்டு கிடந்தார்கள். அதிலிருந்து மின்சாரத்தில் ஓடும் சூட்டை அவர் நம்புவதில்லை.

அம்மா டெனீஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். எதற்கும் சுலபமாகப் பயப்படாதவர். ஆனால் திங்கட்கிழமை 'நச்சு வாயு' என்று கேட்டதிலிருந்து அவர் முகமே மாறிவிட்டது.

"பிள்ளைங்க தூங்கற வீட்டுக்குள்ள இன்னொரு நெருப்பு எனக்கு வேண்டாம், லௌரி," என்றார்.

"மைனஸ் முப்பத்தஞ்சுல உன் பம்ப் கையை விரிச்சா, அதே பிள்ளைங்களை எங்க படுக்க வைப்ப?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் எமில்தான் தபால்காரன்.

"எமில், அம்மாகிட்ட உப்பு கேளு."

எமில் திரும்பினான். "அம்மா, அப்பாவுக்கு உப்பு வேணுமாம். இன்னும் கோவமா இருக்கீங்களான்னும் கேக்கறார்."

"நான் அதைக் கேக்கலையே," என்றார் அப்பா.

"அது நானா சேத்துக்கிட்டது," என்றான் எமில்.

யாரும் சிரிக்கவில்லை. உப்பு மட்டும் வந்தது.

அன்று மாலை அப்பா ஐலாவைக் கூப்பிட்டு, போன குளிர்காலத்தில் அவள் அறை எப்படி இருந்தது, போதுமான சூடு இருந்ததா என்று கேட்டார். அம்மா அடுப்படியில் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"பரவாயில்லப்பா," என்றாள் ஐலா.

அது பொய். கார் நிறுத்தும் கொட்டகைக்கு மேலே இருந்த அவள் அறை, வீட்டிலேயே குளிரான அறை. ஆனால் அதைச் சொன்னால் அப்பா உடனே, "பாத்தியா, பெரிய ஃபர்னஸ்தான் வேணும்" என்பார். அம்மா உடனே, "அந்தப் பழைய ஃபர்னஸ் லட்சணம் அது" என்பார். தன் அறையை வைத்து இரண்டு பேரும் சண்டை போடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போன வருடமும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை அப்பா ஏற்றுவதும் அம்மா இறக்குவதுமாக ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை பள்ளியில் மதிய உணவு நேரம். ஐலாவின் பக்கத்தில் டாரியா கோசாக் உட்கார்ந்திருந்தாள். டாரியாவின் அம்மா மார்லீன் வீடுகளுக்கு ஃபர்னஸும் குளிர்சாதனமும் மாட்டிக்கொடுப்பவர். அது ஐலாவுக்குத் தெரியும். அவர் வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியே இருக்கும்.

"உங்க அம்மா எந்தக் கட்சி? எரிவாயுக் கட்சியா, மின்சாரக் கட்சியா?" என்று ஐலா கேட்டாள்.

டாரியா கொஞ்சம் யோசித்தாள். "வேலையை முடிச்சிட்டு ராச்சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும்கிற கட்சி."

அவர் ஃபர்னஸ், ஹீட் பம்ப் இரண்டும் மாட்டுவாரா என்று ஐலா கேட்டாள். இரண்டும்தான் மாட்டுவார் என்றாள் டாரியா. ஐலா கையிலேயே பேனாவால் அவர் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அந்தக் கையை நேராக அம்மாவிடம் நீட்டினாள். சனிக்கிழமை மைனஸ் பதினெட்டு என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா தொலைபேசியை எடுத்தார். அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரப்போகிறவர் தன் பக்கம்தான் பேசுவார் என்று இருவருமே நினைத்திருக்கலாம்.

ஐந்து மணிக்கு மார்லீன் கோசாக் வந்தார். குள்ளமானவர், சத்தம் போடாமல் நடப்பவர். அவர் எதையும் விற்கப் பார்க்கவில்லை. நாடாவை நீட்டி அறைகளை அளந்தார். சுவர்களைத் தட்டினார். ஜன்னல் ஓரங்களில் கையை வைத்துப் பார்த்தார். எந்த அறை குளிரும் என்று கேட்டதற்கு, எல்லா அறையும் ஒரே மாதிரிதான் என்று அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று நாளில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மாடிக்கு வந்ததும், கீழேயிருந்து வரும் பெரிய காற்றுக் குழாய் எந்தச் சுவருக்குள் ஏறுகிறது என்று மார்லீன் தேடினார். அது போர்வை அலமாரிக்குப் பின்னால் போனது. பேருக்குத்தான் அலமாரி. நின்றால் தலை இடிக்காத, ஒரு ஆள் படுக்கும் அளவுள்ள குட்டி அறை அது.

ஐலா ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். "உள்ள வெறும் துண்டுதான் இருக்கு, மிசஸ் கோசாக்."

"துண்டு என்னைக் கடிக்காது," என்றார் மார்லீன்.

ஐலா விலக வேண்டியதாயிற்று.

கீழ்த்தட்டில் துண்டுகள் இல்லை. ஒரு தலையணை, ஒரு டார்ச் விளக்கு, ஓரம் மடங்கிய இரண்டு கதைப்புத்தகங்கள், போன வசந்தத்தில் பாதி தின்று வைத்து இப்போது கல்லாகிவிட்ட ஒரு ரோஜாநிற இனிப்பு பன். கதவின் உட்பக்கத்தில் பென்சில் கோடுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நிறைய.

"இது என்ன?" என்று அம்மா கேட்டார்.

ஐலா தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். போன குளிர்காலத்தில் தன் அறையில் தூங்க முடியாத ராத்திரிகளில் இங்கே வந்து படுத்ததாகவும், இந்தச் சுவர் கதகதவென்று இருக்கும் என்றும், ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கோடு போட்டதாகவும் சொன்னாள்.

அப்பா குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்தொன்று.

"முப்பத்தொரு ராத்திரி," என்றார் அவர். எழுந்து நிற்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டார் அம்மா.

"சொன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெயிச்சிருவீங்க," என்றாள் ஐலா.

எமில்கூட எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மார்லீன்தான் முதலில் வாயைத் திறந்தார். மற்ற ராத்திரிகளில் எங்கே தூங்கினாய் என்று கேட்டார்.

"என் கட்டில்ல. எனக்குக் கட்டில்தான் பிடிக்கும். சமையலறை ஜன்னல்ல இருக்கற வெப்பமானி மைனஸ் இருபதுக்குக் கீழ போனா மட்டும்தான் இங்க வருவேன்." பேசப் பேச அவள் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்தது. கதவைப் பார்த்தாள், மார்லீனைப் பார்த்தாள். "ரெண்டையும் வச்சிக்க முடியாதா, மிசஸ் கோசாக்? மத்த நாளுக்கெல்லாம் அம்மாவோட பம்ப். இந்த முப்பத்தொரு நாளுக்கு அப்பாவோட ஃபர்னஸ்."

"முடியும்," என்றார் மார்லீன். "நானும் அதைத்தான் சொல்றதா இருந்தேன். நீ முந்திக்கிட்ட."

அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து விளக்கினார். இரண்டும் ஒரே குழாய்களில்தான் காற்றை அனுப்பும். வெளியே எவ்வளவு குளிர் என்று தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியும். ஒரு அளவு வரை ஹீட் பம்ப் ஓடும். அதற்குக் கீழே போனால் பம்ப் ஓய்வெடுத்துக்கொள்ளும், ஃபர்னஸ் தானாகவே எழுந்துகொள்ளும். யாரும் எதையும் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம்.

அப்பா அந்த அளவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். மைனஸ் பதினைந்தில், பம்ப் திணற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, என்றார் மார்லீன். அப்பா நீளமாக மூச்சு விட்டார்.

அம்மா நெருப்பைப் பற்றிக் கேட்டார். புது மாதிரி ஃபர்னஸ் வீட்டுக் காற்றைத் தொடவே தொடாது, வெளியிலிருந்து ஒரு குழாயில் காற்றை எடுத்துக்கொண்டு இன்னொரு குழாயில் புகையை வெளியே தள்ளிவிடும் என்றார் மார்லீன். படுக்கையறைகளுக்கு வெளியே நச்சு வாயு எச்சரிக்கை மணிகளும் வருடத்துக்கு ஒரு சோதனையும் கட்டாயம், அந்தச் சோதனைக்குத் தானே வருவதாகவும் சொன்னார். அம்மா அதை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தோள்கள் கொஞ்சம் கீழே இறங்கின.

மார்லீன் அத்தோடு விடவில்லை. ஐலாவின் அறை மட்டும் ஏன் இப்படி என்று பார்க்கக் கார் கொட்டகைக்குப் போனார். ஏணி வைத்து ஏறி, கூரைக்குள் தலையை விட்டார். அவர் குரல் மட்டும் வந்தது.

"மிஸ்டர் ரௌட்டியோ, உங்க கார் குளிர்காலத்துல நல்லா ஸ்டார்ட் ஆகுமா?"

"முதல் தடவையிலேயே பிடிச்சிடும். இந்தத் தெருவுலயே அப்படி ஸ்டார்ட் ஆகறது என் கார் மட்டும்தான்," என்றார் அப்பா பெருமையாக.

"ஆகும். உங்க பொண்ணு ரூமுக்குப் போற குழாய் இங்க கழண்டு கிடக்கு. எத்தனையோ வருஷமா அவளோட சூட்டையெல்லாம் கார்தான் அனுபவிச்சிருக்கு."

அம்மாவுக்கு முதலில் அழுகை வந்தது. அது பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார். "டெனீஸ், நான் ஒரு மடையன்," என்று அம்மாவைப் பார்த்து நேராகச் சொன்னார். எமில் தபால்காரன் வேலையை இழந்தது அந்த நிமிடத்தில்தான்.

குழாயைச் சரிசெய்துவிட்டால் பெரிய ஃபர்னஸ் தேவையே இல்லை, சின்னதே போதும் என்றார் மார்லீன். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவந்து வைத்தார். வானொலி சொன்னபடி சனிக்கிழமை குளிர் வந்தபோது வீட்டில் தொப்பிகள் ஆணியில் தொங்கின. அடுத்த வாரம் ஹீட் பம்ப் வந்தது. பனி மூடிவிடாதபடி வெளியே இரும்புக் கால்களின் மேல் அதை நிறுத்தினார்கள். எமில் அதன் கீழே குனிந்து பார்த்து, இங்கே ஒரு முயல் குடியிருக்கலாம் என்று அறிவித்தான்.

டிசம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே வெப்பமானி இறங்கிக்கொண்டே போனது. மைனஸ் பன்னிரண்டு. மைனஸ் பதினான்கு. சாப்பாட்டு மேசையிலிருந்து அப்பா நாலு தரம் எழுந்துபோய்ப் பார்த்தார். ஃபர்னஸ் எழுந்துகொள்ளும் சத்தத்தைக் கேட்காமல் தூங்கப் போவதில்லை என்று ஐலா சொல்லியிருந்தாள். கதை படித்துக்கொண்டே காத்திருக்கலாம் என்று படுக்கையில் ஏறிக் கால் நீட்டினாள்.

கண் விழித்தபோது சுவர் முழுக்க வெயில். கடிகாரத்தில் ஒன்பதரை. போர்வை எப்போதோ கீழே விழுந்திருந்தது. அவள் இரண்டு பாதங்களும் வெறுமனே வெளியே கிடந்தன. அவை குளிரவில்லை என்பதே அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே விளிம்பெல்லாம் பனிப்பூ பூத்திருந்தது. தரையோரத் துவாரத்திலிருந்து மெல்லிய சத்தத்தோடு காற்று வந்துகொண்டிருந்தது.

கீழே அம்மாவின் குரல் கேட்டது. மைனஸ் இருபத்தாறாம். விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே அப்பா நிலவறைக்குப் போய் ஃபர்னஸுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை அவர் கேலி செய்துகொண்டிருந்தார். நீயும்தானே காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய் என்றார் அப்பா. அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. அப்பத்துக்கு மாவு கரைப்பது, பேருந்தின் சக்கரம், கோடையில் யார் வீட்டுக்குப் போகலாம் என்பது. இருவரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பேச்சு இப்போதைக்கு முடியாது என்று தெரிந்தது. ஐலா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அதைக் கேட்டபடியே இன்னொரு தூக்கம் போட்டாள்.