மக்டலீனுக்கு வந்த கசற்

வலப்பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடிக்கொண்டிருக்க, இடப்பக்கத்து ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள்.

சிமியோன் கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தான். பாட்டுக் குறைந்தது, இருமல் குறையவில்லை. சளி கட்டிய நெஞ்சிலிருந்து, பக்கத்தில் படுத்திருப்பவர்களை எழுப்பிவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல் அது. இரண்டு தரம் வந்து நின்றுவிட்டது. லொறி பளையைத் தாண்டி யாழ்ப்பாணம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணியிருக்கும். கார்த்திகை மழை சற்றே ஓய்ந்து, தென்னந்தோட்டங்கள் இருபுறமும் சொட்டிக்கொண்டிருந்தன. பின்னால் சீனி மூட்டைகளும் பருப்பு மூட்டைகளும் இருந்தன, முன்னுக்கு அவன் மட்டுமே இருந்தான்.

வயர் ஏதும் கழன்றிருக்கும் என்று நினைத்தான். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது, ஏனென்றால் வயரைப் பூட்டியவன் அவன்தான். ஜப்பான் லொறி அது. கொம்பனியே பூட்டி அனுப்பிய றேடியோவுக்குக் கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன, கசற் போட இடமில்லை. வவுனியா தாண்டினால் அந்த றேடியோவில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் வராது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் அதைக் கழற்றி, காதில் மாட்டுகிற வயரை நடுவே வெட்டி, சத்தம் கூட்டுகிற குமிழுக்குப் பின்னால் ஈயம் உருக்கி ஒட்டினான். மறுமுனையை, கையடக்கக் கசற் மெசினான வோக்மனில் செருகியதும் லொறி முழுக்கப் பாட்டு நிறைந்தது. ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் மிளகு போல உருண்டு திரண்டு அழகாக இருந்தது. வேலை சுத்தம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

வோக்மன் மட்டும் அவனுடையதல்ல.

கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் அதைத் துவாயில் சுற்றி அவன் கையில் கொடுத்திருந்தார். குருநகரில் அவன் வீட்டிலிருந்து நாலாவது வீடு மக்டலீனுடையது. அவளுடைய ஒரே மகன் லியோன் ஜெர்மனியில் அகதி முகாமொன்றில் இருந்தான். மக்டலீனுக்கு வாசிக்கத் தெரியாது. மகனுடைய கடிதத்தை யாராவது வாசித்துச் சொன்னால் ஒழுங்கையிலுள்ள வீடுகள் முழுவதற்கும் கேட்கும். அதனால் லியோன் இந்தமுறை எழுதாமல் கசற்றிலே கதைத்து, தாய் காதில் மாட்டித் தனியே கேட்கட்டும் என்று வோக்மனையும் சேர்த்து அனுப்பியிருந்தான். தவறிக்கூட யாரும் அழித்துவிடக் கூடாதென்று கசற்றின் விளிம்பிலுள்ள இரண்டு சின்னத் துண்டுகளையும் உடைத்துவிட்டிருந்தான்.

சிமியோன் கெட்டவனில்லை. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். வீடு போய்ச் சேரும்வரை மெசினைப் பாவிப்போம் என்றுதான் ஆரம்பித்தான். வழியில் அந்தக் கசற்றை ஒரு நிமிசம் போட்டுப் பார்த்தான். “அம்மா, இதை நீ தனியக் கேக்கோணும்” என்றது லியோனின் குரல். “நான் ஒருத்தருக்கும் சொல்லாத விசயம் ஒண்டு இருக்கு.” சிமியோன் உடனே நிறுத்திவிட்டான். பிறத்தியார் கதையைக் கேட்பது மரியாதையில்லை என்று அப்போது தோன்றியது. நாலு நாள் கழித்து, உடைந்த ஓட்டைகளில் சிகரெட் பெட்டித் துண்டை மடித்து அடைத்து, பாட்டுப் பதிகிற கடையில் அதே கசற்றைக் கொடுத்து இரண்டு பக்கமும் படப்பாட்டு அடிக்கச் சொன்னபோது அந்த மரியாதை எங்கே போனதென்று தெரியவில்லை.

மக்டலீன் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஆனையிறவுச் சோதனையில் ஆமி பறித்துவிட்டான் என்று நாக்கூசாமல் சொன்னான். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் அதைவிட நம்பக்கூடிய பொய் வேறு இருக்கவில்லை. அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, அவன் உயிரோடு வந்து சேர்ந்ததே போதும் என்றாள். பின்னேரம் ஒரு சட்டி நண்டுக்கறி அனுப்பினாள். அவன் அதைச் சாப்பிட்டான். ஓடுகளையும் சப்பித் துப்பினான்.

மூன்று கிழமை கழித்துத் தந்தி வந்தது. நெஞ்சில் சளி பிடித்து லியோன் ஆஸ்பத்திரியில் செத்துப் போனான், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். கோயிலில் சவப்பெட்டி இல்லாமல் பூசை நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணம் முடிந்து சிமியோன் வரும்போதும் மக்டலீன் ஒழுங்கை முகப்பில் நின்றாள்.

“கேட்டனியே தம்பி? கசற்றை மட்டும் தரச் சொல்லு. மெசினை அந்த ஆமிப் பொடியன் வைச்சிருக்கட்டும்.”

அந்த ஆமிக்காரன் வேறிடத்துக்கு மாறிப் போய்விட்டானாம் என்பான் சிமியோன். அடுத்தமுறை கேட்கிறேன் என்பான். உண்மையைச் சொல்வதற்கு அவள் காலில் விழவும் அவன் தயார்தான். ஆனால் விழுந்துவிட்டு எழும்பி எதைக் கொடுப்பது? மகனுடைய குரலுக்கு மேல் கதாநாயகி பாடிக்கொண்டிருக்கிறாள். அந்த வெட்கம் இரவில் படுத்தாலும் கூடவே படுத்தது, சோற்றில் கை வைத்தாலும் கூடவே வைத்தது. ஆனாலும் பாட்டுக் கேட்பதை அவன் நிறுத்தவில்லை. தனியே ஓடும்போது அமைதியைத்தான் அவனால் தாங்க முடியாமலிருந்தது.

மிருசுவிலில் மறுபடியும் இருமல் கேட்டது. இந்தமுறை அதற்குப் பின்னால் மூச்சும் இருந்தது, நீளமாக இழுத்து, அடியில் கரகரத்து, விட யோசிக்கிற மூச்சு. பழைய பதிவு சரியாக அழியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். வோக்மனை நிறுத்தினான். பாட்டு நின்றது. மூச்சு நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினான். றேடியோவின் குமிழைத் திருகி அணைத்தான். இடப்பக்கத்து ஸ்பீக்கர் தன்பாட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உள்ளேயிருந்து வெள்ளையாகப் படர்ந்துகொண்டு வந்தது. ஈரக் கம்பளியும் ஆஸ்பத்திரி மருந்தும் சேர்ந்த ஒரு மணம் இருக்கையிலிருந்து எழுந்தது. ஸ்டியரிங்கில் இருந்த இடக்கை விறைத்துப் போனது.

செபமாலை சொல்லத் தொடங்கினான். சின்ன வயதிலிருந்து சொன்ன செபம், நித்திரையிலும் வரும். மூன்றாவது தரம் சொல்லும்போது நடுவில் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு தரம் இருமினான். பிறகுதான் தெரிந்தது, அது ஸ்பீக்கரில் கேட்கவில்லை.

செம்மணி வெளியில் லொறியை நிறுத்தினான். இருபுறமும் மழைத் தண்ணீர் உப்பளங்களை மூடி, வானத்தோடு ஒன்றாகக் கிடந்தது. சனம் இல்லை. வோக்மனை, கசற்றை, துவாயை, ஒட்டிய இடத்தோடு பிய்த்த வயரை, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் எறிந்தான். குமிழிகள் வந்தன, பிறகு வரவில்லை. திரும்பி வந்து ஏறினால் லொறிக்குள் சத்தமில்லை. கண்ணாடியும் தெளிந்திருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. நிம்மதியென்று நினைத்தான். இல்லை, அப்போதும் வெட்கம்தான்.

அரியாலையில் முதல் வீடுகள் தெரிந்தபோது, வயரில்லாத, அணைந்த றேடியோவின் இடப்பக்கம் கதைத்தது.

“சிமியோன் அண்ணை, அம்மாட்டைக் குடுத்திட்டியளோ?”

கோபமில்லாத குரல். மரியாதையாக, நம்பிக்கையோடு கேட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான். வரவில்லை. தொண்டையைத் தடவிப் பார்த்தான், நோவில்லை. வழியெல்லாம் மூன்றே மூன்று வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே ஓட்டினான். நான்தான் எடுத்தனான். நான்தான் அழிச்சனான். என்னை மன்னியுங்கோ அக்கா. இவ்வளவையும் சொல்லிவிட்டால் போதும். பிறகு ஒழுங்கை முழுக்கக் காறித் துப்பட்டும்.

மக்டலீன் ஒழுங்கையில் நிற்கவில்லை. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்குள் குப்பி விளக்கைக் கொளுத்தி, பாயில் இருந்தாள். தலை நிமிர்த்திப் பார்த்து, வழக்கமான அந்த ஒன்றைக் கேட்டாள்.

“கேட்டனியே தம்பி?”

சிமியோன் முழங்காலில் விழுந்தான். வாயைத் திறந்தான்.

“அம்மா,” என்றது அவன் வாய். “இதை நீ தனியக் கேக்கோணும்.”

அவனுடைய குரலல்ல. அவன் வாயை மூடப் பார்த்தான். மூடவில்லை. மக்டலீன் எழும்பினாள். அவனைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். கொண்டி போட்டாள். யன்னலையும் சாத்திவிட்டு வந்து அவனுக்கு எதிரே இருந்து, அவன் கன்னங்களை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தாள்.

“கதை ராசா,” என்றாள்.

குரல் கதைத்தது. முகாமைப் பற்றி, குளிரைப் பற்றி, ஒருவருக்கும் சொல்லாத அந்த விசயத்தைப் பற்றி. கேட்கக் கூடாததை எல்லாம் சிமியோன் கேட்டான். காதைப் பொத்தக் கை எழும்பவில்லை. இடையில் தன்னுடைய மூன்று வசனங்களில் ஒன்றையாவது நுழைக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. மக்டலீன் அழுதாள், சிரித்தாள், ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அவள் கண் அவன் முகத்திலேயே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் அவன் இல்லை.

விளக்கில் எண்ணெய் பாதியானது. குரல் நின்றது.

கசற்றின் ஒரு பக்கம் முடிந்ததுபோல, தொண்டைக்குள் ஏதோ கிளிக் என்று விழுந்தது.

இப்போது சொல்லலாம். இப்போதே. அக்கா என்று கூப்பிட்டான். இரைச்சல் வந்தது. வெறும் இரைச்சல், நீளமாக, ஒரே அளவில். அவள் சீலைத் தலைப்பால் அவன் வாயோரத்தைத் துடைத்தாள். விளக்கைக் கிட்டப் பிடித்து, வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். விளக்கைக் கீழே வைத்தாள்.

“மற்றப் பக்கமும் கிடக்கு ராசா.”

அவன் தாடையைப் பதமாகப் பிடித்துத் திருப்பினாள். முகம் தோளுக்கு வந்தது. கழுத்து முறுகி நின்றது. அவள் கை நிற்கவில்லை. அவசரமில்லாமல், நோகாமல், குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிற கை. ஏதோ முறிந்தது. அவன் கண் தன்னுடைய முதுகையும், அதற்கப்பால் சாத்திய கதவையும் பார்த்தது.

மக்டலீன் எழும்பி, அவன் முதுகுப் பக்கமாக வந்து, அந்த முகத்துக்கு எதிரே சம்மணம் கட்டி இருந்தாள்.

வாய் திறந்தது. கதைக்கத் தொடங்கியது.