மேல்வரியில் விட்டுப்போன குறி

“இங்க யாருங்க மேற்கோள் குறியை எல்லாம் வளைச்சு வச்சது?”

வாசலில் நின்றவனின் தலைமுடியிலிருந்து மழைநீர் சொட்டியது. மார்போடு அணைத்திருந்த மடிக்கணினியில் மட்டும் ஒரு துளிகூட இல்லை. அவன் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவே கூரையில்லாத முற்றம். குடை எடுக்கவும் பொறுக்காத கோபம்...

கையேடு திருத்தும் பிரிவில் அவள் மட்டுமே நிமிர்ந்து பார்த்தாள். ‘எவ்வளவு பெரிய கண்கள்!’ என்று முதலில் தோன்றியது. ‘எவ்வளவு சின்ன மரியாதை!’ என்று அடுத்துத் தோன்றியது.

“நான்தான். நேரா நிக்கிற குறி அச்சுக்கு அழகில்ல. திறக்க ஒண்ணு, மூட ஒண்ணு... அதுதான் முறை.”

“அழகா? அம்மா தாயே, இது கல்யாணப் பத்திரிகை இல்ல... கண்டெய்னர் ஃபைல்!”

ஒரு மென்பொருளை, அது இயங்கத் தேவையான அனைத்தோடும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டித் தருவது அவன் வேலை. பெட்டிக்குள் எது, எந்த வரிசையில் போகவேண்டும் என்று சொல்லும் கோப்பைத்தான் அவன் அப்படிச் சொன்னான். ‘பில்ட்’ செய்பவன் என்பதால் அலுவலகம் அவனை மேஸ்திரி என்றது. ஊரார் மின்னஞ்சலில் எல்லாம் பிழை பார்ப்பவள் என்பதால் அவளைப் புலவர் என்றது. கையேட்டில் வரும் மாதிரிக் கோப்பை அச்சுக்கு முன் அவன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பான். வளைந்த குறி கணினிக்குப் புரியாமல் அன்று அது ஓட மறுத்தது.

அந்த அறையை அவள் இன்றும் மறக்கவில்லை. காற்றில் படபடக்கும் மெய்ப்புத் தாள்கள், ஒருக்களித்தே நிற்கும் ஜன்னல் கதவு, சுவரில் மழை வரைந்த கறை... இப்போது அங்கே வேறு எவரோ வேறு எதையோ விற்கிறார்கள். மழை மட்டும் தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் நாற்காலியை நகர்த்தினாள். அவன் அமர்ந்து குறிகளை நிமிர்த்தி மீண்டும் ஓட்டினான். திரையில் மறுபடியும் சிவப்பு: ‘தெரியாத கட்டளை’.

“இந்த வரியில என்னதான் தப்பு? எழுத்தெழுத்தாப் பார்த்துட்டேன்!”

“இதை விடுங்க. மேல்வரி முடிஞ்சிருச்சா?”

“இல்ல... தொடருது.”

“தொடருதுன்னு அதுக்கு யார் சொன்னா? மத்த வரியெல்லாம் கடைசியில சாய்கோடு போட்டு, இன்னும் இருக்குன்னு சொல்லுது. இது மட்டும் வாயை மூடிட்டு நிக்குது.”

காலையில் அவனே அவசரமாகச் சேர்த்த வரி அது. அவன் காது சிவந்தது.

“இந்த டூலே இப்படித்தாங்க. தப்பு இருக்கிற இடத்தைச் சொல்லாது. தடுக்கி விழுந்த இடத்தைத்தான் சொல்லும்.”

“மனுஷங்க மட்டும் என்னவாம்?”

சாய்கோடு விழுந்தது. பெட்டி கட்டப்பட்டது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்... ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அதன்பின் பிழையில்லாத கோப்புகளையும் அவன் பிழை பார்க்கக் கொண்டுவந்தான். அவளும் பார்த்தாள், வெகு நிதானமாக.

தாயில்லாத வீட்டில் அவளை வளர்த்த அக்கா வேற்றூரில் இருந்தாள். பேச்செல்லாம் ஃபோனில்தான்.

“யாருடி அது, தினம் ஒரு மேஸ்திரி கதை? வீடு கட்டுறியா?”

“ஆபீஸ்ல ஒருத்தர்க்கா...”

“ம்ம். இங்க உனக்கொரு வேலை பார்த்து வச்சிருக்கேன். வந்து என்கூடவே இரு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு.”

அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. ஏனென்று தெரிந்தும் தெரியாதவள்போல் இருந்தாள்.

கையேடு தாமதமானதற்குக் காரணம் யார் என்று கூட்டத்தில் தலைவர் கேட்டார். அவன் எழுந்தான். “வளைஞ்ச குறி, விட்டுப்போன சாய்கோடு... ரெண்டும் என் தப்புதான் சார்.”

படிக்கட்டில் அவனை மறித்தாள்.

“என் தப்பை எதுக்கு நீங்க எடுத்துக்கிட்டீங்க?”

“திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். உங்களுக்கு எதுக்குன்னு...”

“நான் கேட்டேனா? குறியை வளைச்சது நான். அந்தப் பிழை என்னோடது. அதை எடுத்துக்க நீங்க யாரு?”

அவன் படியேறிப் போய்விட்டான்.

அவள் நேராகத் தலைவரிடம் சென்று, தனக்குரிய பிழையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மாலையில் அக்காவிடம் ‘சரி’ என்றாள். அவன் வருவது நின்றது. நாட்கள் செல்லச் செல்லத்தான் புரிந்தது: அவன் தடுக்கி விழுந்தது அந்தக் கேள்வியில். பிழையோ, அதற்கு முன்பே இருவரும் சொல்லாமல் விட்டதில்.

கடைசி நாள். அன்றும் மழை. மேசை இழுப்பறையை அவள் காலி செய்துகொண்டிருந்தபோது வாசலில் நிழலாடியது. கையில் மடிக்கணினி இல்லை. அந்தப் பெரிய கண்களில் அன்றைய கோபமும் இல்லை.

“நாளைக்குக் கிளம்புறேன்,” என்றாள்.

“தெரியும். அன்னைக்குக் கேட்டீங்களே, நீங்க யாருன்னு... இப்போதைக்கு யாரும் இல்லீங்க. ஆகணும்னு இருக்கு.”

நெஞ்சு படபடத்தது. முகத்துக்கு அந்தச் செய்தி போகாமல் பார்த்துக்கொண்டாள்.

“யாரு, யாருக்கு, என்ன ஆகணும்? வாக்கியத்துல பாதியைக் காணோம்.”

அவன் நிமிர்ந்து நின்றான். வகுப்பில் ஒப்பிப்பவனைப்போல, அச்சு மொழியிலேயே சொன்னான்.

“நான்... உங்களை... காதலிக்கிறேன்.”

மழை ஒரு கணம் வலுத்ததுபோல் இருந்தது.

“நடுவுல ஒரு ‘க்’ வரும்,” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“எங்க?”

“விட்டு விட்டுச் சொன்னா வராது. சேர்த்துச் சொல்லணும்.”

“உங்களைக் காதலிக்கிறேன்.”

“ம்...”

“‘ம்’மா? புலவருக்கு இது முழு வாக்கியமோ?”

“நானும்தான்,” என்றாள் தலையைக் குனிந்து. “உங்க கோபத்தைப் பார்த்த அன்னைலேர்ந்து.”

அவன் எதிரிலேயே அக்காவை ஃபோனில் அழைத்தாள்.

“அக்கா... நான் வரல.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அடுத்து, சிரிப்பை அடக்கிய அதட்டல்:

“சரி, சரி... ஃபோனை அவர்கிட்டக் குடு.”