நாலு வெள்ளை ஒயர்

‘ஒயர் இணைக்கப்படவில்லை’ என்றது புது ரூட்டர். செருகிய ஒயரைக் கையில் பிடித்தபடியே அவள் பல்லைக் கடித்தாள். வீட்டுக்கு வந்து முழுசாய் ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் இத்தனை பொய்! காலையிலிருந்து அறுபத்து நான்கு தடவை அணைத்துப் போட்டுவிட்டாள். அறுபத்தைந்தாவது தடவை அவள் கை நீண்டதுமே அது பயந்துபோய்த் தானாக அணைந்துகொண்டது. நம்பாதவர்கள் போகலாம்.

நாலு மணிக்கு ஆன்லைனில் நேர்காணல். மூன்று வருடம் வேலை தேடியதில், முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்ட முதல் கம்பெனி. மொபைலிலோ, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் ஒரு கோடு சிக்னல். வெளியே கொட்டுகிற மழை...

மூன்று இருபது. காலையிலேயே புகார் சொல்லியும் இன்டர்நெட் கம்பெனி ஆள் வரவில்லை. படியில் காலடி. கதவைத் திறந்தாள். தோளில் கருவிப்பை, தலைமுடியில் மழைத்துளிகள், ஓர் இளைஞன்.

“ஒருவழியா வந்தீங்களா? உள்ள வாங்க!”

“இல்லீங்க, நான்...”

“பேசாதீங்க! ஒயர் செருகியிருக்கு. அணைச்சுப் போட்டாச்சு. ரீசெட்டும் பண்ணியாச்சு. மறுபடி அதையே கேட்டீங்க, அழுதுடுவேன்.”

அவன் அவள் கண்களைப் பார்த்தான். சொல்ல வாயெடுத்ததை அப்படியே உள்ளே வைத்துவிட்டான். அவசரமே இல்லாத கண்கள் அவனுக்கு... இந்த நேரத்தில் இதைப் போய் கவனிக்கிறோமே என்று அவளுக்கு அதற்கும் ஓர் எரிச்சல்.

ஒயரைத் தடவிக்கொண்டே போனவன், கதவோரம் கருப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சில் நின்றான்.

“இது யார் போட்டது?”

“நான்தான்,” என்று நாற்காலியிலிருந்து அப்பா எழுந்தார். “உள்ரூம் வரைக்கும் நீளம் பத்தல. ஜாயிண்ட் அடிச்சேன். முப்பது வருஷம் வீடு வீடா கரண்ட் வேலை பாத்தவன் தம்பி. எட்டு கம்பி. நாலு கலரு, நாலு வெள்ளை. வெள்ளை நாலும் நியூட்ரல். ஒண்ணா முறுக்கிட்டேன்.”

“அப்பா!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என் ஜாயிண்ட்ல எவனும் கை வைக்கக் கூடாது!”

மூன்று நாற்பது. அப்பாவின் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். போனில் பேசுவதில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டு இரண்டு வருடம் பேசாதவர். இந்த வேலையும் போச்சு...

அவன் டேப்பைத் தொடவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“முறுக்கு சூப்பருங்க சார், யானையைக் கட்டலாம். ஆனா இதுல ஒவ்வொரு வெள்ளையும் ஒரு கலரைக் கட்டிக்கிட்டதுங்க. நீங்க நாலு பொண்டாட்டியையும் ஒரே ரூம்ல வெச்சுப் பூட்டிட்டீங்க. புருஷனுங்க வெளியில நிக்கிறானுங்க.”

அப்பா மீசையைத் தடவினார். மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே கட்டரை எடுத்து, ‘சடக்’.

“எவன் எவளோடன்னு சொல்லு.”

மூன்று ஐம்பத்து மூன்றுக்கு ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

*

ஐந்து மணிக்கு அவள் சிரித்துக்கொண்டே அறையை விட்டு வந்தாள். “வேலை கிடைச்சிடுச்சுப்பா!” அப்பாவோடு அவனும் எழுந்து நின்றான்... இன்னும் போகவில்லையா? அதற்குள் போன் அடித்தது.

“மேடம், இன்டர்நெட் கம்பெனி. இன்னைக்கு ஆள் இல்ல, நாளைக்கு அனுப்பறோம்.”

போனை மெல்ல வைத்தாள். “அப்ப... நீங்க யாரு?”

“லிஃப்ட் மெக்கானிக்குங்க. உங்க பில்டிங் லிஃப்ட் நின்னுடுச்சு.”

“கடவுளே! முதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“சொல்ல விட்டீங்களா? அப்புறம் நீங்க உள்ள போனப்பவே நான் கிளம்பியிருக்கணும். முடியல. வேலை கிடைச்சுதான்னு தெரிஞ்சுக்காம...” காதுவரை சிவந்துபோனான். “உங்களப் பிடிச்சிருக்குங்க. திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க.”

அப்பா திடீரென்று தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

அவள் கருவிப்பையை எடுத்து அவன் தோளில் மாட்டிவிட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை.

“போய் லிஃப்ட்டைப் பாருங்க... நல்லா நிதானமா பாருங்க. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்ல. நான் படியிலயே ஏறிக்கிறேன்.”