பூரான் படத்தின் மூலப்படி

பூரான் பாலத்தை முறித்துக்கொண்டிருந்தது. நூறடி நீளம், ரப்பர் உடம்பு. பட்டாளத் தளபதி தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் வந்து நின்றார்.

"பூரானே, உன் கடலை நாசம் பண்ணியவர்கள் நாங்கள்தான். மன்னித்துவிடு. தயவுசெய்து திரும்பிப் போ" என்று ஏகாம்பரத்தின் காதுக்குள் செவிநா சொன்னது.

"நிறுத்துடி படத்தை!"

பொற்கொடி நிறுத்தினாள்.

"எந்தப் பட்டாளத்துக்காரன் பூரான்கிட்ட மன்னிப்புக் கேப்பான்? சின்ன வயசுல இதே படத்தைத் தமிழ்ல பாத்திருக்கேன். 'டேய் பூரான் பயலே, உன் குடலை உருவி மாலையா போட்டுக்கறேன்டா'ன்னான். கொட்டகையே விசிலடிச்சுது. அதுதான் அசல்."

"அதுவும் டப்பிங்தானேப்பா."

"இல்ல மாமா, அவர் நெஜமாவே மன்னிப்புதான் கேக்கறார்" என்றான் மருமகன் தத்சுயா.

ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. படமும் ஜப்பான் படம், அசல் எது என்று சொன்னவனும் ஜப்பான்காரன். ஆனால் அவன் சொன்னதும் செவிநா வழியாகத்தானே வந்தது? திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

செவிநா புளியங்கொட்டை அளவுதான். எவன் எந்த மொழியில் பேசினாலும் அவன் குரலிலேயே நம் பேச்சாக மாற்றிக் காதில் ஊற்றும். அது வந்த பிறகு மொழி படிப்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். பொற்கொடியும் அதை வைத்துத்தான் குடும்பம் நடத்தினாள். ஒரகடத்து வீட்டில் மாமனாரும் மருமகனும் ஆறு வருடமாகப் பேசியதெல்லாம் அதன் வழியாகத்தான்.

சந்தேகம் பூரானோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பார். அடுத்த மாதம் மகளும் மருமகனும் ஜப்பானுக்கே குடிபோகிறார்கள். "நீங்களும் வந்துடுங்க மாமா. நீங்க இல்லாம வீடு வீடா இருக்காது" என்று தத்சுயா போன வாரம் சொன்னான். அவன் சொன்னானா, கொட்டை சொல்லிற்றா? 'இந்தக் கிழத்தை வேறு இழுத்துக்கொண்டு போகணுமா' என்றுகூட அவன் சொல்லியிருக்கலாம். வேண்டாதவனாகத் தெரியாத ஊரில் போய்க் கிடப்பதா, இங்கேயே ஒண்டியாகச் சாவதா? அது தெரிந்தாக வேண்டும்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதிக் கேட்டால், பேசியது ஒரு பக்கம், மாற்றியது ஒரு பக்கம் என்று, படிக்கிறவன் மொழியிலேயே அச்சடித்து அனுப்ப வேண்டும். அதற்கு மூலப்படி என்று பேர். மூலப்படியில் எதையும் மழுப்பினால் கம்பெனிக்காரனுக்கு ஜெயில்.

"வேணாம்பா. ஆறு வருஷம் நல்லாத்தானே போச்சு?" என்றாள் பொற்கொடி.

"நீ ஏன்டி பதர்றே? உனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். பேசின ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு படி வரும்."

"வரட்டுமே, எனக்கென்ன பயம்? அந்தச் சப்பை மூக்கன் வேஷம் கலையட்டும்."

எதிரே டீ ஊற்றிக்கொண்டிருந்த தத்சுயா நிமிர்ந்து சிரித்தான். "நன்றி மாமா" என்றான்.

ஏகாம்பரம் எழுதிப் போட்ட பத்தாம் நாள், ஆளுக்கொன்றாக இரண்டு கட்டுகள் வந்தன. காதிலிருந்த கொட்டையைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, தன் கட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

முதலில் பூரான் படம். தளபதி அசலிலும் மன்னிப்புத்தான் கேட்டிருந்தார். குடலை உருவியவன் அந்தக் காலத்துத் தமிழ் டப்பிங்காரன். சரி, தொலையட்டும். தத்சுயா பேசிய பக்கங்களைத் தேடினார். வரிக்கு வரி ஓரத்தில் 'மாற்றமில்லை' என்று அச்சாகியிருந்தது. 'நீங்க இல்லாம வீடு வீடா இருக்காது'? அங்கேயும் மாற்றமில்லை. அந்த வரியை நாலு தடவை படித்தார்.

அடுத்தது அவர் பேசிய பக்கங்கள்.

பேசியது: 'வந்துட்டான் பாரு மூதேவி.' மாற்றியது: 'வாங்க மாப்பிள்ளை, களைச்சுப் போயிருப்பீங்க.'

பேசியது: 'பச்சை மீனைத் திங்கிறான் பாரு, பூனைக்குப் பொறந்தவன்.' மாற்றியது: 'நீங்க ருசிச்சு சாப்பிடறதைப் பாத்தா எனக்கும் பசிக்குது.'

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: 'கேட்பவர் மனம் புண்படாதபடி மாற்றப்பட்ட இடங்கள்: 4,112.'

திட்டினால் சிரிக்கிறானே என்று அவர் இன்னொன்று திட்டியிருக்கிறார். வெற்றிலை மெல்லுகிற மாதிரி அது பழகிப்போய்விட்டது. தான் திட்டுவதே அவருக்கு மறந்திருந்தது.

இன்னொரு கட்டு! கதவைத் திறந்துகொண்டு ஓடினார். மேசைமேல் கிழிந்த உறைதான் கிடந்தது. தத்சுயா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வந்திருந்தான்.

அவன் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். நிதானமாக, நீளமாக, சிரிப்பில்லாமல், அவன் மொழியிலேயே. செவிநா இல்லாத ஏகாம்பரத்தின் காதுக்கு அது வெறும் சத்தமாகத்தான் வந்தது. முடித்துவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தான்.

சமையலறை வாசலில் நின்ற பொற்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி சொல்றான்?"

"கொட்டையை மாட்டிக்கப்பா. திரும்பச் சொல்லச் சொல்றேன்."

எடுத்துக் காதருகே கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. 'வாங்க' என்று கேட்டால் அதை அவர் நம்பப்போவதில்லை. 'வராதீங்க' என்று கேட்டால் உடனே நம்பிவிடுவார்.

கொட்டையை மேசைமேல் வைத்தார்.

"நீயே சொல்லுடி" என்றார். "கொஞ்சம் பாத்து, மாத்தியே சொல்லு."