அம்மாவுக்கு ஒரு விமான நிலையக் கொப்பி

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நான் ஒரு வழிகாட்டிக் கொப்பி செய்தபோது எனக்குப் பத்து வயது. விமான நிலையத்தைக் கண்ணால் கண்டதில்லை. திருகோணமலையிலிருந்து நான் போன மிகத் தூரமான இடம் குச்சவெளி. அதுவும் பாதி வழி பஸ்ஸில் சத்தி எடுத்துக்கொண்டே போனேன். இப்படிப்பட்ட நிபுணரைத்தான் என் அம்மா நம்பினார்.

அது சண்டைக் காலம். துறைமுகப் பக்கம் மீன்பிடிக்கத் தடை போட்டிருந்தார்கள். அப்பாவின் தோணி மாதக்கணக்காகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதனால் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. இரண்டு வருடம்.

அம்மாவுக்கு அழ நேரமில்லை. விமான நிலையத்தை நினைத்துப் பயப்படவே நேரம் சரியாக இருந்தது. அவர் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

"பலகையை நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பிளேன் போயிரும்," என்றார்.

விமானத்தைத் தவறவிட்டால் மறுபடி அனுப்ப மாட்டோம் என்று ஏஜென்சிக்காரர் வேறு சொல்லியிருந்தார்.

"நான் படமாக் கீறித் தாறன் அம்மா," என்றேன்.

சந்தைக்குப் பக்கத்தில் இருந்த நஜ்முன் நிஸா மாமி போன வருடம்தான் குவைத்திலிருந்து திரும்பியிருந்தார். கொப்பியும் கலர்ப் பென்சிலுமாக மூன்று பின்னேரம் அவருடைய குசினியில் குந்தியிருந்தேன். மாமி ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார், நான் கீறினேன். பெட்டியை மெஷினுக்குள் விட்டுவிட்டு இந்தப் பக்கம் நின்று காவல் காக்கக் கூடாது, மற்றப் பக்கம் போய் எடுக்க வேண்டும். இப்படி ஏழு பக்கம்.

முதல் பக்கத்தை மட்டும் யாரிடமும் கேட்காமல் நானே கீறினேன். சீருடை போட்டவர் யார் வந்தாலும், அவர் வாய் திறக்கும் முன் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். சந்திக்குச் சந்தி பஸ்ஸை விட்டு இறங்கி, சோதனைக்கு வரிசையில் நடக்கும் ஊரில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் போட்டேன். சீருடைக்காரருக்குப் பெரிய மீசை வைத்தேன்.

ஐந்தாம் பக்கம் வந்தபோது மாமி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதைக் கவனமாக் கீறு மகள். டிக்கட் மேசை தாண்டினா வலப்பக்கம் போகணும். இடப்பக்கம் திரும்பினா வெளிவாசல். வெளிய வந்தா திரும்ப உள்ள போக ஏலாது. பிளேன் போயிரும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அதுவே என் தலைக்குள் சுற்றியது. வெளியே வந்தால் பிளேன் போய்விடும். பிளேன் போனால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார்.

அம்புக்குறியை இடப்பக்கம் கீறினேன். நன்றாகத் தடிப்பாக, சிவப்புப் பென்சிலால்.

பயணத்துக்கு முதல் நாள் அம்மா ஒரு தடவை பழகிப் பார்க்க வேண்டும் என்றார். வீடு விமான நிலையமாயிற்று. அலுமாரிதான் மெஷின். சாப்பாட்டு மேசை, டிக்கட் மேசை. அங்கே அப்பா அதிகாரியாக உட்கார்ந்தார். அம்மா அடையாள அட்டையை நீட்டிவிட்டு, "மீசையைக் காணேல்லையே," என்றார். அப்பா முறைத்தார். மூவரும் சிரித்தோம்.

"பிளேன் எங்க எண்டு சொல்லாத மலர். கொப்பியைப் பாத்து நானே பிடிக்கிறன்."

வலப்பக்கம் குசினிக்குள் உட்கார ஒரு கதிரை போட்டிருந்தேன். அதுதான் பிளேன். அம்மா ஐந்தாம் பக்கத்தை விரித்தார். சிவப்பு அம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பினார். பின்கதவால் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றார்.

"மகள், இங்கதானே ஏறுறது?"

அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. புதுக் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாராவது வந்து கூட்டிப்போவார்கள் என்று வெயிலில் நின்றார். நாளைக்கு அந்தத் தூர இடத்திலும் இப்படித்தான் நிற்பார். அங்கே நான் இருக்க மாட்டேன்.

"அது பிழை அம்மா. நான்தான் பிழையாக் கீறினனான்."

அம்மா கொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தெரியாமலோ?"

"தெரிஞ்சுதான்."

அம்மா ஏசவில்லை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அந்த மடி எனக்குப் போதவில்லை. கால்கள் இரண்டும் தரையில் இழுபட்டன. இருந்தாலும் நான் எழும்பவில்லை. அம்மாவும் எழும்பச் சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்து, "போய் அழிறப்பரை எடுத்து வா," என்றார்.

சிவப்பு முழுதாக அழியவில்லை. அதன் மேலே வலப்பக்கம் புது அம்பு கீறினேன். பிறகு, மாமி சொல்லாத எட்டாம் பக்கம் ஒன்றும் கீறினேன். அதே வெளிவாசல், அதைக் காட்டி இடப்பக்கம் ஓர் அம்பு. கம்பிக்கு வெளியே அப்பாவும், இரட்டைப் பின்னலோடு நானும்.

"திரும்பி வரேக்க மட்டும் இடப்பக்கம் திரும்புங்க," என்றேன். அம்மா தலையை ஆட்டினார். 

ஒன்றரை மாதம் கழித்து, அம்மா யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் வந்தது. கொப்பியில் எல்லாம் சரியாம். ஒன்றுதான் இடக்கு. விமானத்தில் சாப்பாடு கொண்டுவந்த பெண்பிள்ளை சீருடை போட்டிருந்ததாம். அம்மா உடனே அடையாள அட்டையை நீட்டினாராம். அந்தப் பிள்ளை அதை இரண்டு பக்கமும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்ததாம்.

அப்பா சத்தமாகச் சிரித்தார். பிறகு தோணியைப் பார்த்து வருகிறேன் என்று வெளியே போனார். தோணிக்கு என்ன, அது கவிழ்ந்தபடியேதான் கிடந்தது.

மீதி வரியை நான் தனியே வாசித்தேன். "ஏழு பக்கமும் முடிஞ்சுது. எட்டாம் பக்கத்தைத் தலைகாணிக்குக் கீழ வச்சிருக்கிறன் மகள். அம்பு சரிதானே?"

சரிதான். அதை மட்டும் நான் மூன்று தரம் பார்த்துத்தான் கீறியிருந்தேன்.